யார் வாயும் படாத தண்ணீர்

இந்தக் கதையை நான் இருபது வருடமாக நம்பவில்லை. நம்பாமலே பலருக்குச் சொல்லியும் வந்திருக்கிறேன். அது சரிதானா என்று என்னையே கேட்டுக்கொண்டதும் உண்டு. எனக்குச் சொன்னவர் அன்று அந்த அவையில் இருந்தவர். யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூமியைச் சுற்றி வரும் குடியிருப்புகளில் வெண்கோட்டை சிறியது. அதன் அரசர் ஒளிவேந்தர். முன்னோர்கள் பூமியிலிருந்து ஒரே ஒரு முறைதான் தண்ணீர் கொண்டுபோனார்கள். இருநூறு வருடமாக அதே தண்ணீர். குடித்தது, குளித்தது, வியர்த்தது, கழித்தது எல்லாம் வடிகட்டிக்குப் போய் மறுபடி குழாயில் வரும். அந்த வடிகட்டிக்குப் பொறுப்பாளி அலர்மேலு.

அரண்மனையில் குழந்தைவேலு என்று ஒருவர். அரசர் எதை உண்டாலும் குடித்தாலும் முதல் வாய் இவருடையது. மூன்றாம் அரசர் விஷத்தில் இறந்தபோது போட்ட சட்டம் அது. மனிதருக்குப் பொல்லாத நாக்கு. எந்தத் தளத்துக் குழாய்த் தண்ணீர் என்று ஒரு மடக்கில் சொல்லிவிடுவார். அவருக்கு வேலையில்லாத மச்சான் ஒருவன் இருந்தான். அலர்மேலுவின் பதவி அவனுக்குப் பொருந்தும் என்று அவருக்கு நெடுநாளாக ஒரு எண்ணம்.

ஒரு நாள் பூமியிலிருந்து தூதர் வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கோப்பையைப் பார்த்தார், புன்னகைத்தார், கீழே வைத்துவிட்டார். அவர் போனதும் குழந்தைவேலு அரசரின் காதைக் கடித்தார். இந்தத் தண்ணீர் எத்தனை பேர் உடம்புக்குள் போய் வந்ததோ என்று தூதர் யோசித்திருப்பார் என்றார். அன்று அரசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அலர்மேலுவை அழைத்தார்.

"எனக்கு முன்னால் யார் வாயும் படாத தண்ணீர் வேண்டும். பத்து நாள் தருகிறேன். முடியாவிட்டால் உன்னைப் பூமிக்கு இறக்கிவிடுவேன்."

அதற்குச் சாவு என்று பொருள். வெண்கோட்டையில் எல்லாமே எடை குறைவு. அங்கே பிறந்தவர்களின் எலும்பு பூமியில் ஒரு மாதம்கூடத் தாங்காது. அலர்மேலு எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அரசர் மசியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்தத் தண்ணீரை அரசர் முழு அவையில், வழக்கப்படி அருந்த வேண்டும். அரசரும் சரி என்றார்.

பத்தாம் நாள் முத்திரையிட்ட சின்னக் குடுவையோடு வந்தாள். வால்நட்சத்திரத்திலிருந்து வெட்டி வந்த பனிக்கட்டி, உருக்கி எடுத்தேன் என்றாள். எல்லோர் முன்னாலும் முத்திரையை உடைத்து ஊற்றினாள். ஒரு கோப்பைதான் இருந்தது.

அரசர் கையை நீட்டினார். குழந்தைவேலுவும் நீட்டினார். இருபத்தைந்து வருடப் பழக்கம். யாரும் சொல்லவில்லை, அவரும் யோசிக்கவில்லை. கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தார். சப்புக்கொட்டினார். அலர்மேலுவை ஒரு கணம் பார்த்தார். பிறகு, விஷமில்லை என்று சொல்லிக் கோப்பையை அரசரிடம் நீட்டினார்.

"நான் கொண்டுவந்தபோது யார் வாயும் படாமல்தான் இருந்தது, அரசே" என்றாள் அலர்மேலு.

குழந்தைவேலுவின் முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு குடுவை கொண்டு வா, இவன் தொட வேண்டாம் என்றார் அரசர். சட்டம் இடம் கொடுக்காதே என்று அமைச்சர்கள் முணுமுணுத்தார்கள்.

"அப்படியானால் நான் என்னதான் குடிப்பது?"

"குழாய்த் தண்ணீரையே குடியுங்கள், அரசே. வடிகட்டி யாருடைய எச்சிலையும் மிச்சம் வைக்காது. இத்தனை வருடமாகத் தாங்கள் குடித்ததெல்லாம் ஒரே ஒருவருடைய எச்சில்தான். அவரும் பக்கத்திலேயே நிற்கிறார்."

அரசர் கோப்பையைப் பார்த்தார். குழந்தைவேலுவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிரீடம் கழன்று மெதுவாக மிதந்து தரைக்கு வந்து சேரும்வரை சிரித்தார். அலர்மேலுவுக்கு ஆயுள் முழுக்க அதே பதவி. குழந்தைவேலுவுக்கு, இனி முதல் வாயை எடுத்துக் குடிக்கத் தனியாக ஒரு கரண்டி. கோப்பையில் மீந்ததை அலர்மேலு தன் கையாலேயே வடிகட்டிக் குழாயில் ஊற்றிவிட்டாள்.

எனக்கு இதைச் சொன்னவர் அந்தக் குழந்தைவேலுவேதான். தோற்றவர் தன் தோல்வியை இவ்வளவு ருசித்துச் சொல்வாரா என்பது என் முதல் சந்தேகம். வால்நட்சத்திரத்துக்கு விண்படகு போய்த் திரும்பவே மூன்று மாதமாகுமே, பத்து நாளில் எப்படி என்பது இரண்டாவது. போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது துணிந்து கேட்டுவிட்டேன்.

"ஐயா, அது வெண்கோட்டைக் குழாய்த் தண்ணீர்தான் என்று முதல் மடக்கிலேயே உங்கள் நாக்குக்குத் தெரிந்திருக்குமே. ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?"

"மச்சானுக்காக நான் கேட்டது அவள் பதவியைத்தான், அவள் உயிரை இல்லை" என்றார்.