பிரேக் பிடிக்கப் பத்து ரூபாய்

கோயம்புத்தூரில் ஒரு கேம் கம்பெனி. அங்கே தமயந்தி செய்த முதல் விளையாட்டைப் பதினொரு பேர்தான் போனில் இறக்கினார்கள். ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். மீதி இரண்டும் அவளுடைய போன்களேதான்.

"அடுத்து நீ செய்யற பஸ் கேமில், ஆடுறவங்ககிட்ட எல்லாத்துக்கும் காசு கேக்கணும். இல்லேன்னா வேலையை விட்டுப் போம்மா!" என்று உறுமினார் முதலாளி கனகசபாபதி.

"எல்லாத்துக்குமுங்களா சார்?"

"எல்லாத்துக்கும்!"

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, முதல் ஆட்டத்தை முதலாளி ஆடுவது வழக்கம். எல்லோர் முன்னாலும் பஸ்ஸைக் கிளப்பினார். எதிரே டீக்கடை. பிரேக்கை அமுக்கினார். "பிரேக் பிடிக்கப் பத்து ரூபாய்" என்றது திரை. பஸ் டீக்கடைக்குள் புகுந்தது.

"பிரேக்குக்கு எவன் காசு கொடுப்பான்?"

"தெரியலீங்க சார். நீங்களே கொடுக்கலையே."

ஆபீசே சிரித்தது. காசு கேட்பதெல்லாம் அன்றே நீங்கியது. தமயந்தியின் வேலையும் தப்பியது. விளையாட்டு வெளிவந்தது. இந்தத் தடவை இறக்கியவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் முதலாளி.