நாற்பத்தோர் இலக்கம்

"என்னிடம் என்ன குறை, அம்மா?"

கேட்டவர் அரங்கநாயகம். வயது அறுபத்துமூன்று. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியார். மடத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. தீட்சை கிடைத்தபாடில்லை.

மடத்தின் தலைவி குழல்மொழி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முறத்தில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருக்கிறது" என்றார்.

"எது?"

"தெரியாது."

"தெரியாமலா தீட்சை தரமாட்டேன் என்கிறீர்கள்?"

"ஆமாம்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம். நூற்றெட்டுக் குற்றங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் படித்து, தன்னிடம் இருப்பதற்கு நேரே கோடு போட வேண்டும்.

வாத்தியார் தன் நோட்டை விரித்துக் காட்டினார்.

"மூன்று வருடமாக ஒரு கோடு இல்லை. பொய் இல்லை, கோபம் இல்லை, ஆசை இல்லை. அந்தச் சமையல்காரப் பொன்னுரங்கத்துக்கு இரண்டே வருடத்தில் தீட்சை. அவன் நோட்டு முழுக்கக் கோடு. ஏழாம் வாய்ப்பாடுகூட வராது அவனுக்கு."

"சாம்பார் நன்றாக வைப்பான்."

"குறையைக் காட்டுங்கள். இல்லையென்றால் நாளைக் காலை மூட்டையோடு இறங்கிவிடுகிறேன்."

அம்மை ஒரு தாளை எடுத்தார். நாற்பத்தோர் இலக்கத்தில் ஓர் எண்ணை எழுதினார்.

"இது பகா எண்ணா? சொல்லிவிட்டுப் போம்."

இதற்கு மட்டும் வாத்தியார் மறுப்புச் சொல்லவில்லை. தாளை வாங்கிக்கொண்டார்.

மூன்றால் வகுத்தார். ஏழால் வகுத்தார். பதினொன்றால் வகுத்தார். ஒரு மாதம் வகுத்தார்.

"மூவாயிரம் பகா எண்களால் வகுத்தாயிற்று, அம்மா. ஒன்றாலும் வகுபடவில்லை."

"அப்படியானால் பகா எண்தானே?"

"எப்படிச் சொல்வது? இன்னும் கோடானுகோடி பாக்கி. ஆயுள் போதாது."

"வேறு வழி?"

வாத்தியார் தயங்கினார்.

"ஒன்று உண்டு. அந்த எண் எவ்வளவோ, அத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். வந்ததை அதே எண்ணால் வகுக்க வேண்டும். பகா எண் என்றால் மீதி இரண்டு."

"வேறு மீதி வந்தால்?"

"பகா எண் இல்லை. சந்தேகமே வேண்டாம்."

"அத்தனை இரண்டுகளை நீர் எங்கே பெருக்குவது?"

"குறுக்குவழி இருக்கிறது. நூற்று முப்பத்துச் சொச்சம் தடவை வர்க்கம் எடுத்து, ஒவ்வொரு தடவையும் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்."

"எடும்."

ஐந்து மாதம் ஆயிற்று. வாத்தியார் இளைத்துப்போனார். தாள் வாங்கிக் கொடுத்தே மடத்துக்கு அலுத்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிடக்கூடப் போகாமல், அம்மையிடம் வந்தார்.

"பகா எண் இல்லை, அம்மா."

"எது வகுத்தது?"

"எதுவும் வகுக்கவில்லை. மீதி இரண்டு வரவில்லை, அவ்வளவுதான். மீதியாக வந்தது ஏதோ ஒரு நாற்பது இலக்க எண்."

"எங்காவது தப்பாகப் பெருக்கியிருப்பீர்."

"மூன்று தடவை போட்டேன். மூன்றிலும் அதே மீதி."

"அதை வகுக்கிற எண் ஒன்று இருக்கிறது என்கிறீர்."

"இருக்கிறது."

"எது?"

"தெரியாது."

"பெரிய எண், வாத்தியாரே. மூவாயிரம் தடவை சோதித்தீர், ஒரு கீறல் இல்லை. வகுக்கிறது எதுவென்று காட்டாமல் பழி போட்டால் அது ஒத்துக்கொள்ளுமா?"

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பையனுக்குப் பாடம் சொல்கிற குரல் வந்தது.

"அது ஒத்துக்கொண்டால் என்ன, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன? எது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மீதியைப் பார்த்தாலே…"

நின்றுவிட்டார்.

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"முழுசாகச் சொல்லும், வாத்தியாரே."