பெடல் இல்லாத முழங்கால்

“தொண்ணூத்தேழு மார்க் வாங்கியிருக்கேன் மேடம். இன்னும் ஏன் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?”

கேட்டவர் டாக்டர் ஞானதுரை. வயது ஐம்பத்து நான்கு. தெற்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷமாக எலும்பு டாக்டர். முழங்காலைப் பெரிதாகத் திறந்து ஆபரேஷன் செய்தே பழகிய கை. இப்போது சின்னத் துளை வழியாகச் செய்யக் கற்றுக்கொள்ள நகரத்துக்கு வந்திருந்தார்.

பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர் மெஹருன்னிசா. வயது முப்பத்தாறு. குருவுக்கு வயசு குறைச்சல், சிஷ்யருக்குக் கோபம் ஜாஸ்தி. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

“மார்க்கு மெஷின் போடுது சார். கையெழுத்து நான் போடணும்.”

மெஷின் என்றால் சிமுலேட்டர். ஒரு பிளாஸ்டிக் முழங்கால், அதில் இரண்டு துளை. ஒன்றில் காமிரா, இன்னொன்றில் கருவி. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நிஜ மூட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். உள்ளே நடப்பது பக்கத்துத் திரையிலும் தெரியும். கருவி எலும்பில் மோதினால் கையில் தெரியும். எலும்பை மூடியிருக்கும் குருத்தெலும்பைக் கீறிவிட்டால் சிவப்பாக ஒரு கோடு விழும்.

காலடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் கோடு போய்விடும், புது முழங்கால் வந்துவிடும். பிரம்மாவுக்கே இல்லாத வசதி.

“வெள்ளிக்கிழமையோட டிரெய்னிங் முடியுது. அடுத்த பேட்சுக்கு எனக்கு வயசு தாண்டிடும். உங்க கையெழுத்து இல்லைன்னா இந்த ஆபரேஷனை நான் ஜென்மத்துக்கும் தொட முடியாது. ஊர்ல ஒன்பது பேர் வலியோட எனக்காகக் காத்திருக்காங்க மேடம். காரணத்தையாவது சொல்லுங்க.”

மேடம் மெஷினில் பதிவான கணக்கைப் பார்த்தார்.

“முந்நூத்தி நாப்பது தடவை ஆரம்பிச்சிருக்கீங்க. எத்தனை தடவை கடைசி வரைக்கும் முடிச்சீங்க சார்?”

“முப்பத்தெட்டு.”

“மத்ததெல்லாம்?”

“கீறல் விழுந்துச்சு, மிதிச்சுட்டேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?”

“ஆமாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. கண்ணாடியை மாட்டுங்க.”

“இன்னிக்குத் தொண்ணூத்தெட்டு வாங்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்,” என்று சொல்லியபடி ஞானதுரை மாட்டிக்கொண்டார்.

மேடம் பெடலைச் செருப்பு நுனியால் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

முதல் நாலு நிமிஷம் கை அழகாகப் போனது. ஞானதுரை கிழிந்த ஜவ்வைக் கண்டுபிடித்தார், ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். ஐந்தாவது நிமிஷம் கருவியைத் திருப்பும்போது அவசரப்பட்டுவிட்டார். சிவப்புக் கோடு விழுந்தது, நல்ல நீளமாக.

“சே!”

வலது கால் தன்பாட்டுக்குப் போய்த் தரையைத் தட்டியது. அந்தப் பக்கம் துழாவியது, இந்தப் பக்கம் துழாவியது. வெறும் தரைதான்.

“பெடல் எங்கே மேடம்?”

“ஆபரேஷன் தியேட்டர்ல எங்கே இருக்குமோ, அங்கேதான் சார்.”

“விளையாடாதீங்க. இது போச்சு. வேற முழங்கால் குடுங்க.”

“நிஜ பேஷன்ட்டுக்கும் அதுதான் வேணும். யாரு குடுப்பா?”

ஞானதுரைக்கு முகம் கடுகடுத்தது. காமிராவை வெளியே இழுக்கப் போனார்.

“எடுக்காதீங்க. ஜவ்வு பாதி வெட்டினபடி தொங்குது. இப்படியே விட்டா அந்தக் காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது.”

கையை நிறுத்தினார். அவருக்கே வெட்கமாக இருந்தது. இந்தக் கோட்டுக்கு அப்புறம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவைகூட அதைத் தாண்டிப் போனதில்லை.

“ஏதாவது சொல்லுங்க மேடம்.”

“நான் இங்கே இல்லைன்னு வச்சுக்குங்க சார்.”

ஞானதுரை வாய்க்குள் ஏதோ திட்டினார். யாரை என்று கேட்க வேண்டாம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கருவியை மறுபடி உள்ளே விட்டார். நூலளவு நூலளவாக நகர்ந்தார். கோடு கண்முன்னாலேயே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே தொங்கியதை வெட்டி எடுத்தார், ஓரத்தைச் சமன் செய்தார். இன்னொரு கோடு விழவில்லை. மொத்தம் இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று.

கண்ணாடியைக் கழற்றினபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“முடிச்சுட்டேன். அறுபத்தொரு மார்க். சிரிச்சுக்குங்க.”

மேடம் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டார்.

“இன்னும் முடியலை. நான்தான் பேஷன்ட். மயக்கம் தெளிஞ்சிருச்சு. ஆபரேஷன் எப்படி ஆச்சு டாக்டர்?”

“நல்லபடியா முடிஞ்சுதும்மா. கவலைப்படாதீங்க.”

யோசிக்காமலே வந்த வார்த்தை.

மேடம் நீட்டிய காலை மடக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

ஞானதுரை திரையில் இன்னும் அழியாமல் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு ஸ்டூலை எடுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“கிழிஞ்ச ஜவ்வைச் சரி பண்ணிட்டேன்மா. ஆனா உள்ளே குருத்தெலும்புல ஒரு கீறல் விழுந்திருச்சு. அது முன்னாடி உங்களுக்கு இல்லை. என் கை பட்டு விழுந்தது. நாள் போகப்போக அங்கே வலிக்கலாம். வலிச்சா வேற எங்கேயும் அலையாதீங்க, என்கிட்டேயே வாங்க. நான் பார்க்கறேன்.”

“சரி டாக்டர். இந்த மாதிரி இதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?”



“நீங்கதாம்மா முதல் ஆள்.”

மேடம் பேனாவைத் திறந்தார்.