செவந்தியின் வால்

மலையடிவாரத்தில் இருந்த ஒரு விலங்குக் காட்சிசாலையில் புலிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் மரகதம். வயது முப்பத்தெட்டு. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதிக்கு மேல் கேள்வியாகத்தான் இருக்கும்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சோலையப்பனுக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடம் மான்களோடு இருந்தவர். முழங்கால் வலி வந்ததும், ஓடியாட வேண்டாம் என்று புலிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அறுபது மானைச் சமாளித்தவனுக்கு நாலு புலி என்ன பெரிய விஷயம் என்று மார்தட்டிக்கொண்டுதான் வந்தார்.

வந்த ஒன்பதாம் நாள் அந்தத் தப்பு நடந்தது.

அங்கே ஒவ்வொரு புலிக்கும் ஒரு கூண்டறை உண்டு. அதை ஒட்டி மரமும் குளமுமாக ஒரு திறந்தவெளி. இரண்டுக்கும் நடுவே மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவு. பக்கத்து நடைபாதையில் நிற்பவர் சங்கிலியை இழுத்தால் கதவு மேலே போகும், விட்டால் இறங்கும். காலையில் புலியை வெளியே விடுவார்கள். மாலையில் கறியைக் காட்டி உள்ளே அழைப்பார்கள்.

மான் கொட்டடியில் ஒரு பழக்கம். கடைசி மான் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாய்ந்துவிடும். இருபத்திரண்டு வருடம் அந்த அரை நொடியோடு மல்லுக்கட்டிய கை சோலையப்பனுடையது. செவந்தி என்ற பெண்புலி அன்று மாலை உள்ளே வந்தாள். உடம்பு கதவைத் தாண்டியதும் அந்தக் கை தானாகவே சங்கிலியை விட்டுவிட்டது.

மானுக்கு வால் என்று சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். புலிக்கு அப்படி இல்லை.

மருத்துவர் வால் நுனியில் ஒரு சாண் எடுத்துவிட வேண்டியிருந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு செவந்தி வெளியே போகவில்லை. பகல் முழுக்கக் கதவைத் தூக்கியே வைத்திருந்தும் மூலையில் கிடந்தாள்.

அதிகாரி வந்து பார்த்தார். கறியை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். செவந்தி முன்காலை மட்டும் நீட்டி, கறியை உள்ளே இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். “கெட்டிக்காரிதான்” என்றார் அதிகாரி. பிறகு மரகதத்திடம், “மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. வரலைன்னா பின்கட்டுல இருக்கிற சிகிச்சைக் கூண்டுக்கு மாத்திடலாம். இந்த இடத்துக்கு வேற புலி வரப்போகுது” என்றார்.

பின்கட்டில் வெயில் விழாது. ஒரு தொட்டித் தண்ணீரும் நாலு சுவரும்தான். செவந்திக்கு ஏழு வயது, இன்னும் பத்து வருடமாவது இருப்பாள். மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அதிகாரி போனதும் சோலையப்பன் மரகதத்தின் முன்னால் வந்து நின்றார். சவரம் செய்து பல நாள் ஆன முகம்.

“நான் மறுபடி மான்கிட்டயே போயிடுறேன்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ என்னை மன்னிப்பாளா?”

மரகதம் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

“இதுல எழுதுங்க அண்ணே. காலையில ஆறு மணியில இருந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. அவ என்ன செய்றாளோ அது.”

“எழுதினா?”

“எழுதுங்க.”

மறுநாள் மாலை மரகதம் நோட்டை வாங்கிப் படித்தார்.

‘காலை 6.10. என் மேல் கோபமாக இருக்கிறாள். 6.20. கோபம் தீரவில்லை. 6.30. நான் செய்ததை நினைத்து வேதனைப்படுகிறாள்.’ இப்படியே மாலை ஐந்து மணி வரை கோபமும் வேதனையும் மாறி மாறி வந்தன. மதியம் ஒரு மணிக்கு மட்டும் ‘தூங்குகிறாள்’ என்று இருந்தது.

மரகதம் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு மணியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடித்தார்.

சோலையப்பனுக்கு முகம் தொங்கிவிட்டது. “தப்பாம்மா?”

“கோபம்னு எழுதியிருக்கீங்களே. அவ என்ன செஞ்சா?”

சோலையப்பன் யோசித்தார். “முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டா.”

“அதை எழுதுங்க. வேதனைன்னா?”

“வாலை உடம்புக்கு அடியில மடக்கி வச்சுக்கிட்டா. சாப்பிடும்போதுகூட அப்படியேதான்.”

“அதை எழுதுங்க.”

சோலையப்பன் எழுதினார். ஆனால் மனசு கேட்கவில்லை. நாலாம் நாள் விடிகாலையில், யாரும் வராத நேரம் பார்த்துக் கூண்டறையின் முன்னால் கைகூப்பி நின்றார். உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டினார். தெரியாமல் செய்துவிட்டேன் தாயே என்றார். என் விரலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். பின்னால் மரகதம் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை.

“நீங்க பேசினப்ப அவ என்ன செஞ்சா?”

சோலையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கொட்டாவி விட்டா.”

“எழுதினீங்களா?”

எழுதினார்.

இரண்டாவது வாரத்தில் சிவப்புப் பேனாவுக்கு வேலை குறைந்தது. ‘முன்காலை நக்கினாள்.’ ‘இடது காது மட்டும் அசைந்தது. வெளியே மயில் கத்தியது.’ ‘மாலை 5.20. மூலையில், கதவைப் பார்த்தபடி, வாலை அடியில் மடக்கிக்கொண்டு சாப்பிட்டாள்.’ கடைசி வரி எல்லாப் பக்கத்திலும் மாறாமல் இருந்தது.

பதினோராம் நாள் சோலையப்பன் நோட்டைத் தூக்கிக்கொண்டு மரகதத்தைத் தேடி வந்தார்.

“இதைப் பாருங்கம்மா. ஏழு மணிக்கு வெயில் வாசல் வழியா உள்ள விழுது. அவ எழுந்திரிக்கிறா. ஏழு பத்துக்கு வெயில்ல காலை வைக்கிறா. ஏழு இருபதுக்குப் பார்த்தா மறுபடி மூலையில கிடக்கா. தினமும் இதேதான். நான் நிக்கிறதைப் பார்த்துத்தான் திரும்பிப் போறா.”

“நீங்க நிக்கிறதைப் பார்த்துப் போறான்னு நோட்டுல இருக்கா?”

“இல்லைம்மா. எனக்குத் தோணுது.”

“ஏழு பத்துக்கும் ஏழு இருபதுக்கும் நடுவுல என்ன நடக்குது?”

“பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதானே எழுதச் சொன்னீங்க?”

“எழுதத்தானே சொன்னேன். நடுவுல கண்ணை மூடிக்கவா சொன்னேன்?”

மறுநாள் சோலையப்பன் இமைக்காமல் பார்த்தார். ஏழு பதினாறுக்குப் பக்கத்துக் கூண்டறையின் சங்கிலியை யாரோ இழுத்தார்கள். கடகடவென்று சத்தம். செவந்தியின் காதுகள் பின்னால் படிந்தன. வெயிலில் இருந்த காலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் அதே சங்கிலி, அதே காது, அதே மூலை. மூன்றாம் நாள் அவள் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அன்றும் சங்கிலி இழுபட்ட பிறகுதான் போனாள்.

அவர் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, செவந்திக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சோலையப்பனுக்குப் பெரிய நிம்மதி. இத்தனை நாள் நெஞ்சில் தூக்கிச் சுமந்ததைப் புலி சட்டையே செய்யவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தமும்தான்.

அன்று அவர் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. கிரீஸ் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நாலு கூண்டறைச் சங்கிலிகளுக்கும் கிரீஸ் போட்டார். சங்கிலி உரசும் இடங்களில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினார். கையெல்லாம் கறுப்பாக மரகதத்திடம் வந்து நின்றார்.

“செவந்தியோட கதவை அஞ்சரைக்கே தூக்கிடலாம்மா. மத்த கதவையெல்லாம் ஆறு மணிக்குள்ள தூக்கி முடிச்சிடலாம். வெயில் வர்ற நேரத்துல எந்தச் சங்கிலியும் ஆடக் கூடாது.”

“இருபது வருஷமா ஏழேகாலுக்குத்தான் மத்த கதவைத் தூக்குறோம்.”

“ஆமாம்மா. மாத்தலாமா?”

“மாத்துங்க.”

அதற்குப் பிறகும் செவந்தி ஒன்றும் ஓடி வந்துவிடவில்லை. பதினெட்டாம் நாள் வெயிலில் இரண்டு கால் வைத்தாள். இருபதாம் நாள் வாசலில் படுத்து, வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாம் நாள் மழை, வெயிலே இல்லை, மூலையை விட்டு அசையவில்லை. அதிகாரி ஆள் அனுப்பிப் பின்கட்டுக் கூண்டைக் கழுவி வைக்கச் சொன்னார். சோலையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதினார்.

இருபத்தைந்தாம் நாள் நோட்டில் இப்படி இருந்தது:

‘7.04. எழுந்தாள். 7.09. முன்கால் இரண்டும் வாசலுக்கு வெளியே. 7.17. வெளியே வந்தாள். 7.40. குளத்தில் இறங்கினாள். 7.50. குளத்தில். 8.00. குளத்தில். 8.10. குளத்தில்.’

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. மனுஷன் அழுதுகொண்டே எழுதியிருக்கிறார். மரகதம் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குச் செவந்தியை உள்ளே அழைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தினமும் மரகதமே கதவை இறக்கி வந்தார். அன்று கறியைக் கம்பி இடுக்கு வழியாகக் கூண்டறைக்குள் தள்ளிவிட்டு வந்து, சங்கிலியைச் சோலையப்பன் பக்கம் நீட்டினார்.

சோலையப்பன் ஒரு அடி பின்னால் போனார். “வேண்டாம்மா. இந்தக் கை வேண்டாம்.”

“கைக்கு என்ன?”

“இதுக்குப் பொறுக்கத் தெரியாது.”

“பொறுக்கத் தெரியாத கையா இருபத்தஞ்சு நாளா பத்து பத்து நிமிஷமா எழுதுச்சு?”

சோலையப்பன் சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

செவந்தி மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். வாசலில் நின்று மோந்து பார்த்தாள். தலை உள்ளே வந்தது. தோள் வந்தது. பின்கால்களும் வந்தன. அங்கேயே நின்றுவிட்டாள். கறி உள்ளே இருக்கிறது, வால் வெளியே இருக்கிறது, அவள் அசையவில்லை.

சோலையப்பனின் விரல்கள் ஒருமுறை துடித்தன. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஒரு வெற்றிலையை மடித்துப் போடுகிற நேரம் அப்படியே நின்றார்.

செவந்தி நடந்தாள். அந்தக் குட்டை வால் வாசல்படியை உரசிக்கொண்டு உள்ளே போனது.

சோலையப்பன் குனிந்து பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். அப்புறம் கைமாற்றிக் கைமாற்றி, சத்தமே வராமல் கதவை இறக்கினார். அது தரையைத் தொட்டதும் சங்கிலியை விட்டுத் திரும்பினார்.

“மரகதம்மா.”

“சொல்லுங்க.”

“இப்பவாவது சொல்லுங்க. அவ என்னை மன்னிச்சிட்டாளா?”

“இப்ப என்ன செய்றா?”

“சாப்பிடுறா.”

“எப்படி?”

சோலையப்பன் கம்பிகளுக்கு நடுவே பார்த்தார். செவந்தி மூலைக்குப் போகவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே கறியைப் போட்டுக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். வால் அடியில் இல்லை. பின்னால் நீண்டு, இறங்கிய கதவின் இரும்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். இருபத்து நான்கு மாலைகள். இருபத்து நான்கிலும் அதே வரிதான். மூலையில், கதவைப் பார்த்தபடி, வாலை அடியில் மடக்கிக்கொண்டு.

புதுப் பக்கத்தைத் திறந்து ‘மாலை 5.20’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

“இதை மன்னிப்புன்னு எழுதிக்கலாமாம்மா?”

மரகதம் சிவப்புப் பேனாவைக் காக்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“வால் எங்கே கிடக்குன்னு எழுதுங்க அண்ணே.”