படுத்திருந்த நிழல்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும். சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், பாறை உச்சியில் ஒட்டாங்கல் என்றொரு பட்டணம். மணிமுடியான் என்பவன் அரசன். அங்கே கிணறு கிடையாது. பாறையைத் தோண்டினால் நெருப்புப் பொறிதான் வரும். குடிதண்ணீர் முழுவதும் கீழே சமவெளியிலிருந்து மாட்டு வண்டியில் ஏறி வரவேண்டும். அதற்காகத் தொண்ணூற்று ஒன்பது சாலை போட்டிருந்தான். நூறு என்றால் நம்பமாட்டீர்கள்.

அத்தனை சாலையும் கோட்டை வாசலில் வந்து கூடும். மேலே மாடத்தில் அரசன் உட்கார்ந்து, வருகிறவர்களின் கும்பிடுகளை வாங்கிக்கொள்வான். பின்புறம் ஒரு கழுதைப் பாதை இருந்தது. கழுதை கும்பிடாது. ஆகவே அதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டான்.

ஒரு நாள் உச்சிவெயிலில் மாடத்துக்குக் கீழே ஒரு நிழல் வந்து நின்றது. நிழல் மட்டும்தான், ஆள் இல்லை.

“அரசே, நடந்து களைத்துவிட்டேன். உன் வழியில் மூன்று முறை படுத்துக்கொள்ளட்டுமா?”

அரசன் சிரித்தான். “என்னிடம் தொண்ணூற்று ஒன்பது வழி. எங்கே வேண்டுமானாலும் படு.”

முதல் நாள் கிழக்குச் சாலையில் படுத்தது. அந்த நிழலுக்குள் நேராகப் போன வண்டி, திரும்பாமலே, போன பக்கமாகவே வெளியே வந்தது. மாட்டுக் கழுத்தில் மணி ஆடியது, சத்தம் வரவில்லை. வண்டிக்காரர்கள் தெற்குச் சாலையில் சுற்றி வந்தார்கள். அரசன் சிரித்தான்.

இரண்டாம் நாள் தெற்கில் படுத்தது. வடக்கே சுற்றி வந்தார்கள். அரசன் சிரித்தான்.

மூன்றாம் நாள் கோட்டை வாசலில் படுத்தது. எழுந்திருக்கவே இல்லை. உள்ளே வந்தவனும் இல்லை, வெளியே போனவனும் இல்லை.

ஒரு நாள் பானை காய்ந்தது. மறுநாள் நாக்கு காய்ந்தது. அதற்கும் மறுநாள் அரசனின் கைக்குழந்தை அழுதது. கண்ணில் நீர் வரவில்லை.

அப்போது கழுதைக்காரி சடைச்சி வந்து நின்றாள்.

“தொண்ணூற்று ஒன்பது வழி இருந்துமா எனக்கு இந்தக் கதி?” என்றான் அரசன்.

“அத்தனை வழி எங்க இருக்கு, சாமி? இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அந்த வாசல். மத்ததெல்லாம் அதோட வாலு. நீங்க வாலை எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

“பின்சுவரை யார் இடிப்பது? ஒருவனுக்கும் கை எழவில்லையே.”

“கட்டச் சொன்ன கை சும்மாதானே இருக்கு?”

அரசன் கடப்பாரையை எடுத்தான். உள்ளங்கை கிழிந்தது, கழுதை நுழையும் அளவுக்குச் சுவரும் பெயர்ந்தது. சடைச்சி கழுதையோடு இறங்கிப் போனாள். தோல்பை நிறையத் தண்ணீரோடு ஏறி வந்தாள். குழந்தை குடித்தது. பிறகு மறுபடியும் அழுதது, கண்ணீரோடு.

வாசலில் கிடந்த நிழல் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து மாதம் ஒரு நாள் அரசனே ஏதாவது ஒரு வழிக்குக் குறுக்கே கயிறு கட்டுவான்; அப்போதும் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பான். அவன் கயிறு கட்டும்போதெல்லாம் தரையில் அவன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழலும் நின்று பார்க்கும்.

ஆகையால், எத்தனை வழி இருக்கிறது என்று பெருமைப்படாமல், ஒன்று அடைபட்டால் இன்னொன்று கொண்டுசேர்க்குமா என்பதை நல்ல நாளிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த நிழல் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் வீட்டுக்கு ஒரே வாசல்.