ஓரத்து மாவு

கடகடவென்ற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. மாவாட்டும் நேரமாகப் பார்த்து வந்து மாட்டிக்கொண்டோம் என்று இசக்கிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

ஜெசிந்தா டீச்சர் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இசக்கிமுத்துவுக்கு வயதில் இளையவர். ஆனால் கதை எழுதவும், பாடம் நடத்தவும், ஆவணப்படம் எடுக்கவும் இசக்கிமுத்து கற்றது அவரிடம்தான்.

“டீச்சர், கிரைண்டரை அணைச்சிரட்டுமா? முக்கியமாப் பேசணும்.”

“மாவு பாதியில நிக்கக் கூடாது அண்ணாச்சி. சத்தமாப் பேசுங்க.” கரண்டியை நீட்டினார். “ஓரத்துல ஒட்டுததைத் தள்ளிக்கிட்டே பேசுங்க.”

“மூணுல ஒண்ணை விட்டுரலாம்னு இருக்கேன்.”

“எதை?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன். மூணும் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. வகுப்புல பையன் பதில் சொன்னா, ஷூட்டிங்ல சொல்லுத மாதிரி ‘ஒன் மோர்’ங்கேன். நாவல்ல கதாநாயகி கேமராவைப் பாத்துப் பேசுதா. கதை பாதியில நிக்கு. நாவலைத்தான் விடணும் போல.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“படத்துல?”

“அது இதைவிடக் கேவலம். உப்பளத்துல வேலை பாக்குத சந்தனமாரி ஆச்சிகிட்ட கேள்வியக் கேட்டுட்டு, வாய் தவறி ‘புரிஞ்சுதா?’ன்னு அதட்டிட்டேன்.”

“அய்யய்யோ! ஆச்சி என்ன சொன்னா?”

“விருட்டுன்னு எந்திரிச்சுக் கையைக் கட்டிக்கிட்டா. ‘புரிஞ்சுது சார்’ங்கா. பெறவு ஒரே சிரிப்பு. ‘பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவ, இன்னைக்கு எந்திரிச்சு நின்னுட்டேன் பாத்தியா. ஒருக்கா என் பேரையும் கூப்பிடு, உள்ளேன் ஐயா சொல்லிப் பாக்கேன்’னா.”

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன்.”

“படத்துல இருக்கா?”

“வெட்டிட்டேன் டீச்சர். என் குரல்லாம் உள்ள விழுந்திருக்கு.”

“நாவல்ல?”

“இல்ல. அது வேற கதை.”

“பிள்ளைகள்ட்ட சொன்னீங்களா?”

“பாடத்துக்கு நடுவுல அதை எப்படிச் சொல்ல?”

டீச்சர் கிரைண்டருக்குள் ஒரு கை தண்ணீர் தெளித்தார்.

“அப்போ ஆச்சியை மூணுலயும் சேக்காம, மூணையுமே விட்டுட்டுத்தான வந்திருக்கீங்க?”

இசக்கிமுத்துவின் கை நின்றது. மாவு விளிம்புவரை ஏறி வந்தது.

“உள்ளேன் ஐயா” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

கரண்டியால் ஓரத்தில் ஒட்டியதை மறுபடியும் உள்ளே தள்ளத் தொடங்கினார்.