பல்லி உச்சுக்கொட்ட வந்த கதை

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, அணில், ஓணான் எல்லாமே பேசும். பல்லி பேசுவதோடு நிற்காது, கதையும் சொல்லும். ஆற்றங்கரை மருத மரத்துப் பொந்திலிருந்து அது கதையை ஆரம்பித்தால் முயல்குட்டிகள் மேய்ச்சலை மறந்துவிடும். ராஜா வந்தால் ராஜா குரல், பூதம் வந்தால் பூதத்தின் குரல்.

"பல்லி அத்தை, இன்னும் ஒண்ணு!" என்று குட்டிகள் கெஞ்சும்.

அந்த ஆற்றுத் துறையில் பரிசல் ஓட்டியவன் சடையன். அவன் மனைவியை ஆடி மாத வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு வாயை மூடிய மகள் செவ்வந்தி அப்புறம் பேசவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை. பசித்தாலும் சொல்லமாட்டாள், முள் குத்தினாலும் கத்தமாட்டாள்.

சடையன் மரத்தடியில் வந்து நின்றான். "பல்லியம்மா, நான் பரிசலுக்குப் போயிட்டா பிள்ளை தனியா உட்கார்ந்திருக்கா. வந்து ரெண்டு கதை சொல்லேன்."

பல்லி அவன் குடிசைச் சுவரில் ஏறிக்கொண்டது. தினமும் சாயங்காலம் கதை சொன்னது. செவ்வந்தி இமைக்காமல் கேட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஒரு நாள், அம்மாவைத் தேடி ஏழு கடல் தாண்டிப் போன குருவியின் கதை. ஏழாவது கடலில் பாதி தூரம் போனதும் குருவிக்குச் சிறகு ஓய்ந்துவிட்டது. அந்த இடத்தில்தான் பல்லிக்குச் சுருக்கென்றது. அந்தக் குருவி கரை சேராது. அதை இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "உச்" என்று நாக்கை மட்டும் கொட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

"அப்புறம்?"

கேட்டது செவ்வந்திதான். கரகரத்த, சின்னக் குரல்.

குருவியின் முடிவைச் சொல்லப் பல்லிக்கு இன்னும் மனம் வரவில்லை. "உச்" என்றது.

"அப்புறம்... ஒரு கட்டை மிதந்து வந்துச்சு. குருவி அதுமேல ஏறி உட்கார்ந்துச்சு..."

அவள் நின்றபோதெல்லாம் பல்லி "உச்" என்றது. அவள் தொடர்ந்தாள். மறுநாள் பல்லி ஆசையாக ஒரே ஒரு வார்த்தை சொல்லப்போக, அவள் உதட்டை மூடிக்கொண்டாள். அதோடு பல்லி பேச்சை விட்டது.

கிளி வந்து எச்சரித்தது. "அக்கா, ஒரு மழைக்காலம் பேசாம இருந்தா பேச்சே போயிடும். மீன் அப்படித்தானே ஊமையாச்சு?"

பல்லி உள்ளே எட்டிப் பார்த்தது. செவ்வந்தியின் கதையில் குருவி இன்னும் கரை சேரவில்லை. "உச்" என்றது கிளியிடம்.

மழை ஓய்ந்த நாளில் கதை முடிந்தது. "அக்கரையில அம்மா இல்ல. ஆனா திரும்பிப் பார்த்தா அப்பாக் குருவி பின்னாலேயே பறந்து வந்துச்சு" என்றாள் செவ்வந்தி. வாசலில் துடுப்போடு நின்ற சடையன் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

'நல்லா சொன்னேடி கண்ணு' என்று சொல்லப் பல்லி வாயைத் திறந்தது. "உச்"சைத் தவிர எதுவும் வரவில்லை.

முயல்குட்டிகள் மரத்தடியில் நெடுநாள் கூப்பிட்டுப் பார்த்தன. என்ன முகத்தோடு போவது? பல்லி சுவரிலேயே இருந்துவிட்டது. ராஜாவின் குரலும் பூதத்தின் குரலும் நினைவுக்கு வரும்போது அதன் தொண்டை மட்டும் துடிக்கும்.

அன்று முதல்தான் பல்லி நம் வீட்டுச் சுவர்களில் குடியிருக்கிறது. நாம் பேசும்போதும், பிள்ளைகள் கதைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து நடுவில் திணறும்போதும், "உச், உச்" என்று மேலே சொல்லச் சொல்கிறது.